புருஷன் இல்லாத பூ

பூ என்று சொன்னதுதான் வினை. அட்டை, நத்தை, நண்டு என்று வேறு எதையாவது சொல்லியிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். பூ என்று சொல்லித் தொலைத்துவிட்டோம். அந்த ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வயசுக்காரர்களே, நீங்கள் சிரிப்பீர்கள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிற காலத்தில் ஒரு மீன்தொட்டிக்காக இவ்வளவு கோபமா என்பீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. ஈப்போவில் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா மீன் லாரி ஓட்டினார். லுமுட் படகுத்துறையில் ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போ பாசார் சந்தையில் இறக்குவார். எத்தனை தடவை துவைத்துப் போட்டாலும் அவர் சட்டையில் அந்த வாசம் போகாது. அவருடைய முதலாளியான சீனத் தௌக்கே வீட்டில் கடல்மீன் தொட்டி ஒன்று இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட குட்டி மீன்கள் அதில் ஓடும். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வார். தௌக்கே இன்னும் பெரிய தொட்டி வாங்கியபோது, மூலையில் விரிசல் விட்ட பழைய தொட்டியை அப்பாவிடம் தள்ளிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. விரிசலுக்குப் பசை பூசி, ஹாலில் கறுப்பு வெள்ளை டிவிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். காற்று விடுவதற்கு ஒரு சின்ன மோட்டார், அடியில் பவளத் துண்டுகள், லுமுட்டிலிருந்து லாரியில் ட்ரம்மோடு வரும் கடல்தண்ணீர்.

மீன் வாங்கிவந்து விட்டார். செத்தது. மறுபடி விட்டார். அதுவும் செத்தது. கடைசியில் தொட்டியில் மிஞ்சியது தண்ணீரும், படகுக்காரர் ஒருவர் சும்மா கொடுத்த ஒரு பாறையும்தான். அந்தப் பாறையில் அரக்குச் சிவப்பில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊறவைத்த புளி உருண்டை மாதிரி இருக்கும். அப்பா வெறுத்துப்போய்ப் பாறையை வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடையில் போட்டுவிடலாம் என்று கையை விட்டார்.

"இருங்கண்ணே. அது மூச்சு விடுது," என்றார் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. சுங்காய் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். தோட்டத்து லாரி கவிழ்ந்ததில் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. கொஞ்ச நாளில் தோட்டத்தையும் துண்டு போட்டு விற்று, ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கையுறை செய்கிற ஃபேக்டரியில் வேலை. சம்பளம் முன்வாசல் வழியாக வரும். விசேஷம் என்றால் மட்டும் அத்தை பின்வாசலுக்குப் போய்விட வேண்டும். வெளிர்ச் சேலை, வெறும் நெற்றி, வெறும் தலை. வெள்ளிக்கிழமையானால் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் மல்லிகையைப் பங்கு போட்டு வைத்துக்கொள்வோம். கட்டிக் கொடுப்பது அத்தை. இதில் தப்பு இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் காலையில் அந்தப் புளி உருண்டை விரிந்திருந்தது. சுற்றிலும் நூறு மெல்லிய விரல்கள், தண்ணீரின் போக்குக்கு அசைந்துகொண்டு. அப்பா படகுக்காரரிடம் போய்க் கேட்க, அவர் "பூங்ஙா லாவுட்" என்று சொல்லிவிட்டார். மலாயில் பூங்ஙா என்றால் பூ, லாவுட் என்றால் கடல். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கடல் பூ. தமிழில் அதற்குக் கடல் சாமந்தி என்று பெயர் இருப்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதிலும் பூ! எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்லை.

அப்பாவுக்கு மீன்தான் வேண்டும், பூ வேண்டாம். தொட்டி தானாகவே அத்தை கைக்கு வந்தது. ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தோம். தண்ணீர் குறையக் குறையக் கடல்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தோம். பூ சுருங்கிக்கொண்டே போனது. ஒருநாள் அத்தை ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கருவாட்டுத் தண்ணி மாதிரி இருக்கு. தண்ணிதானே ஆவியாப் போவுது, உப்பு எங்க போவும்? நாமளே இதை ஊறுகா போட்டுட்டோம்." அதற்கப்புறம் அக்காவின் கியூடெக்ஸை எடுத்துத் தொட்டிக் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மழைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்ட் போய் மோட்டார் நின்றால் அகப்பையால் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். அது என் வேலை.

பூ நகரும் என்று சொன்னால் நம்புவீர்களா? நத்தையைவிட மெதுவாக, பாறையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும். போன வழியில் சிவப்புச் சிவப்பாகத் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன. நான் அழுக்கு என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் நாலைந்தைத் தேய்த்து எடுத்துவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, கனமான கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தைத் தொட்டியோடு ஒட்டிவைத்து அதன் வழியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வாடி," என்றார். "விரல் இருக்கு."

நானும் பார்த்தேன். கடுகளவு துணுக்கு. அதன் தலையில் ஒரு வட்டமாக விரல்கள். தாய் நகரும்போது அதன் காலடியிலிருந்து கிழிந்து நின்ற துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு குட்டியாகிக்கொண்டிருந்தது. அத்தை பல் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, தேச்சுட்டேனே," என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பிள்ளை வளர்ப்பு. இறால் தலையை இடித்துப் பிழிந்து, பேனாவுக்கு மை விடும் ஃபில்லரால் ஒவ்வொரு குட்டியின் வாய்க்கு நேராகவும் ஒரு சொட்டு விடுவோம். விரல்கள் மடங்கி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அத்தை ஃபேக்டரியிலிருந்து வந்தவுடன் முகம்கூடக் கழுவாமல் அங்கேதான் குந்துவார். கை முழுவதும் ரப்பர் பால் நாற்றம் அடிக்கும் என்று மூன்று முறை சோப்புப் போட்டு, அப்புறம் அந்தச் சோப்பு போவதற்காக நாலு முறை கழுவுவார். அவர் பாட்டுப் பாடுவார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. குட்டிகளில் சில மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தன. கண்ணாடி மாதிரி நிறம், நீளக் கழுத்து, நீளநீள விரல். அத்தைக்கு அவற்றின் மேல்தான் கொள்ளைப் பிரியம். "இதுங்கதான் நல்லாச் சாப்புடுது," என்று கூட ஒரு சொட்டு விடுவார். கொஞ்ச நாளில் பார்த்தால் அந்த நீளக் கழுத்துகளுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் குட்டிகள் கருகிச் சுருண்டிருந்தன. அவை எங்கள் பூவின் குட்டிகளே இல்லை. பாறையோடு ஒட்டிவந்த வேறு சாதி. கொட்டிக் கொட்டியே மற்றதைக் கொல்கிற களை. அதற்கு நாங்கள் இறால் பிழிந்து ஊட்டியிருக்கிறோம்!

எது நம்முடையது, எது களை என்று பிரித்துப் பார்க்க அத்தை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டார். லேசாகத் தொட்டால் நம்முடையது மெதுவாக விரலை மடக்கிச் சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மற்றது தொட்ட மாத்திரத்தில் பொந்துக்குள் பாய்ந்துவிடும். "ஓடுறவன் திருடன். நம்ம புள்ளைங்களுக்கு ஓடத் தெரியாது," என்பார் அத்தை. களையைக் கிள்ளி எடுத்தோம். கிள்ளின இடத்தில் மூன்றாக முளைத்தது. கொதிக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சிலது போனது, பலது போகவில்லை. கடைசியில் ஒருநாள் கோபத்தில் அலமாரியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை ஈர்க்குச்சியில் எடுத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒரு நீளக் கழுத்தின் வாயிலேயே அப்பிவிட்டார். அது சுருண்டது. மறுநாள் இல்லை. அந்தச் சுண்ணாம்பு டப்பி, பெரியம்மா தன் ஊரான காம்பாரிலிருந்து வரும்போதெல்லாம் பயன்படுத்த என்று எங்கள் வீட்டில் வைத்திருந்தது. அத்தை அதைக் காலி செய்து, களையையும் காலி செய்தார்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அவரைப் பற்றி எழுதும்போதும் 'ர்' போட்டுத்தான் எழுதுகிறேன். வளர்த்த விதம் அப்படி. எங்கள் குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதும் அவர் இல்லாமல் நடக்காது. அக்காவைப் பெண் கேட்டுப் பாகான் செராயிலிருந்து ஓர் இடம் வருகிறது என்றதும் மூன்று பையோடு காம்பாரிலிருந்து வந்து இறங்கினார். அந்தக் கல்யாணம் நடந்தது, அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை அவர்கள் பெண் கேட்டு வந்த அந்த வாரத்தைப் பற்றியது.

வந்தவர் ஹாலில் சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு டப்பியைத் திறந்து பார்த்தார், வெறும் டப்பி. ஏற்கெனவே முகம் கடுத்திருந்தது.

"இது என்ன, ஹால்ல போயி உப்புத் தண்ணியை வச்சிக்கிட்டு?" என்றார்.

அம்மா பாவம், பெருமையாகத்தான் சொன்னார். "கடல் பூ அக்கா. எல்லாம் நம்ம நாத்தனாரு வளக்குறது. குட்டியெல்லாம் போட்டிருக்கு, வந்து பாருங்க."

"பூ குட்டி போடுமா?"

"போடுதே."

"இதுல ஆம்பளை எது?"

அம்மாவுக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "ஆம்பளை கிடையாது பெரியம்மா. ஒன்னே ஒன்னுதான். தானாவே போட்டுக்கும்."

பெரியம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். தொட்டியை ஒரு தடவை பார்த்தார், சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நல்லா இருக்குலா கதை! அறுத்தவ பூ வளக்குறா. அது புருஷன் இல்லாமப் புள்ளை பெத்துக்குது. கல்யாணத்துக்குப் பொண்ணை வச்சிருக்கிற வீட்டுல, நடு ஹால்ல! பையன் வூட்டுக்காரங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க?"

கேட்டீர்களா? ஒரு பாறையில் புளி உருண்டையளவு இருக்கிற ஒரு ஜீவன். அதற்கு மூளை கிடையாது, கண் கிடையாது, ரத்தம் கிடையாது. அதன் நடத்தை சரியில்லையாம்! அதன் குட்டிகளுக்கு அப்பன் யார் என்று ஈப்போவில் ஒரு ஹாலில் பஞ்சாயத்து. என் அம்மா பள்ளிக்கூடம் போனவர், பத்திரிகை படிப்பவர். அவரும் ஏதோ பெரிய குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் தீர்ப்பு சொல்லப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டி ஹாலை விட்டுப் போக வேண்டும்.

"அண்ணி, அது பூ இல்ல," என்றார் அத்தை. "புழு பூச்சி மாதிரி ஒரு சீவன். பேருதான் பூ."

"பேரு போதும்டி. ஊரு வாயில பேருதான் வரும்."

"தலையிலயா வச்சிக்கிட்டேன்? கண்ணாலதானே பாக்குறேன்."

"கண்ணுக்கு மட்டும் என்னாத்துக்குடி அந்த ஆசை?"

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, தண்ணி கொண்டாந்து ஊத்துனது நீங்க. நீங்க சொல்லுங்க."

அப்பா மீன் லாரியில் மலைபோலப் பெட்டி அடுக்குவார். பாசாரில் சண்டை வந்தால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் நிற்பார். அவர் சொன்னது இதுதான்: "ஒரு நாளுதானேம்மா. வாளியில போட்டுப் பின்னால வச்சிட்டா சுசா இல்லலா. அவங்க போனதும் மறுபடி வச்சிக்கலாம்."

சுசா இல்லையாம், தொந்தரவு இல்லையாம். யாருக்குச் சுசா இல்லை? வாளியில் இருக்கப் போவது அவரா?

சனிக்கிழமை அத்தையே பாறையைத் தூக்கி, கடல்தண்ணீர் நிறைத்த பெயிண்ட் வாளியில் இறக்கினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த குட்டிகளை நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து அதே வாளியில் விட்டார். மோட்டார் குழாயையும் போட்டு, பின்கதவுக்கு வெளியே, குழாயடி நிழலில் வாளியை வைத்தார். அப்பா தொட்டித் தண்ணீரை ரப்பர் குழாய் போட்டு லோங்காங்கில் விட்டார். தொட்டி இருந்த இடத்தில் பெரியம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கை வைத்த நாற்காலியை வாங்கிப் போட்டார். சம்பந்தியம்மா உட்காருவதற்காம். பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி ஒன்று. அந்தப் பூவுக்கு மட்டும் ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னால் கொட்டகை போட்டு விறகடுப்பு மூட்டினார்கள். சமையல்காரருக்குக் குழாயடி தேவைப்பட்டது. யாரோ வாளியைத் தூக்கி அடுப்போரம் வைத்துவிட்டார்கள். மோட்டார் குழாய் பிடுங்கிக்கொண்டது. அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது ஒரு வாளித் தண்ணீர். அத்தை அந்த நேரம் சமையலறைக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இந்தப் பக்கம் தலையைக் காட்டிடாதே" என்று பெரியம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினார். நான் அக்காவின் மல்லிகைச் சரத்தைச் சரி செய்துவிட்டு எட்டிப் பார்த்தேன். முதல் காரிலிருந்து பையனின் அம்மா இறங்கினார். வெளிர்ச் சேலை. வெறும் நெற்றி. வெறும் தலை.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.  பையனுக்கு அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தாராம். பெரியம்மாவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்தக் கை வைத்த நாற்காலி. "வாங்க சம்பந்தி, வாங்க, முன்னால வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து, தொட்டி இருந்த இடத்தில் உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். பையன் வூட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றாரே, அந்தப் பையன் வூட்டுக்காரர் இவர்தான்!

தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பலகாரம் கொடுத்தார்கள். அத்தை தேங்காய்ச் சிரட்டைகளைப் போடப் பின்கதவைத் திறந்தவர், குழாயடியில் வாளி இல்லாததைக் கண்டிருக்கிறார். சமையலறை வாசலில் நின்ற எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அடுப்போரம் போய்க் குனிந்தார். கையை உள்ளே விட்டவர் சுட்டதுபோல எடுத்தார். மறுபடி விட்டார். கலங்கலாக ஒரு நாற்றம் என் மூக்குக்கே வந்தது. அவர் உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகக் கொழகொழவென்று ஏதோ இருந்தது. அத்தை அழவில்லை. அதைத் திரும்ப வாளியிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

ஹாலில் சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணு வூட்டுல எல்லாரும் வந்தாச்சா? வெத்தலை மாத்திக்கலாமா?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம் சம்பந்தி. ஒருத்தரு பாக்கி இல்ல," என்றார் பெரியம்மா.

அத்தை என்னைத் தாண்டி ஹாலுக்குள் போனார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போட்டிருந்த பாயில் மிதித்து நடந்து நடுவில் போய் நின்றார்.

"அண்ணி," என்றார் பெரியம்மாவைப் பார்த்து, "எல்லாம் செத்துப் போச்சு. இந்த வூட்டுல இனிமே என் பூ ஒன்னும் இல்ல. இப்ப நான் முன்னால வரலாமா?"

 அப்பா வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"பொண்ணுக்கு அத்தை. அப்பாகூடப் பொறந்த அத்தை. என் புருஷன் போனதுலேருந்து நல்ல நாளுன்னா அடுப்படியிலதான் இருப்பேன்."

சம்பந்தியம்மா அத்தையின் நெற்றியைப் பார்த்தார். தன் சேலையைப் பார்த்துக்கொண்டார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல எழுந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோலப் பெரியம்மாவிடம் கேட்டார்.

"அப்ப நான் எங்கம்மா உக்காரணும்?"

"ஐயோ சம்பந்தி! நீங்க போயி... நீங்க உக்காருங்க. உக்காருங்க சம்பந்தி," என்று பெரியம்மா பதறிக்கொண்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். அம்மாவும் சேர்ந்துகொண்டார். பெரியப்பாவும் எழுந்துவந்து, உக்காருங்க, உக்காருங்க என்றார். எல்லாரும் அந்த அம்மாவிடமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தூரத்தில் அத்தையும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவரிடம் அந்த ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.